பிரம்மாவின் எழுத்தும் சித்திரகுப்தன் ஏடும்

இல்லாத மனிதர்களுக்காக ஒரு புகழ் மண்டபம். அதில் யாருக்கு இடம் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று இருக்கிற மனிதர்கள் இரவு பகலாகச் சண்டை போட்டுக் கொள்கிறார்கள். இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது. சிரித்து முடித்த பிறகுதான், அந்தச் சண்டையில் ஒரு கட்சியின் பக்கம் நானும் நிற்கிறேன் என்று தெரிந்தது. எதிர்க்கட்சியின் மேல் கோபம்கூட வந்துவிட்டது. அந்தக் கோபத்தின் விளைவுதான் இது.

விவகாரம் அமெரிக்காவில் நடப்பது. அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறை. ஒருவன் பந்தை எறிவான், ஒருவன் மட்டையால் அடிப்பான், பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தால் அதற்கு 'ஹோம் ரன்' என்று பெயர். அந்த ஆட்டத்தில் யார் எத்தனை அடித்தான், யார் எத்தனை ஜெயித்தான் என்று கணக்கெழுதி வைக்கும் பழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக உண்டு. கணக்கு வந்த இடத்துக்குக் கற்பனையும் பின்னாலேயே வந்துவிடும். வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது நம் பையன்கள் பெஞ்சுக்கு அடியில் புத்தகத்தைத் திறந்து, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக வைத்துக் கிரிக்கெட் ஆடுவார்களே, அதே வேலையை அங்கே பெரியவர்கள் பகடையை வைத்துக்கொண்டு செய்தார்கள்.

1951-ல் பென்சில்வேனியாவிலுள்ள லங்காஸ்டரிலிருந்து ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் 'ஆப்பா' என்ற பகடை ஆட்டத்தை விற்க ஆரம்பித்தார். 1961-ல் ஹால் ரிச்மன் என்ற நியூயார்க்காரர் 'ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். முதல் பகடையில் ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் அடிப்பவனின் அட்டையைப் பார்க்க வேண்டும். நாலு முதல் ஆறு வரை விழுந்தால் எறிபவனின் அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத் தொகைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையில் உள்ளவன் கெட்டிக்காரனானால் நல்ல பலன்கள் அதிகமாக எழுதியிருக்கும். ஆனால் கெட்டிக்காரனுக்கும் பகடை விழ வேண்டும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1999-ல் மார்க்கஸ் ஹைன்ஸோன் என்ற ஜெர்மானியர் 'அவுட் ஆஃப் தி பார்க்' என்ற ஆட்டத்தை எழுதி வெளியிட்டார். அதில் அட்டைகூடத் தேவையில்லை. ஆட்டக்காரர்களை யந்திரமே படைக்கும். இருபது வயதுப் பையனாக ஒருவன் வருவான், ஆடுவான், தோள்பட்டை போகும், கிழடு தட்டும், ஓய்வு பெறுவான். ஐம்பது வருஷச் சரித்திரத்தை ஒரு வாரத்தில் ஓட்டிவிடலாம். ஊர் ஊராக இருக்கிற நண்பர்கள் ஆளுக்கு ஓர் அணி என்று எடுத்துக்கொண்டு பல வருஷங்கள் ஒரு லீக்கை நடத்துகிறார்கள். சரித்திரம் சேர்ந்ததும் புகழ் மண்டபம் வேண்டியிருக்கிறது.

மண்டபத்துக்கு மாதிரி, நியூயார்க் மாகாணத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கும் நிஜமான பேஸ்பால் புகழ் மண்டபம். 1936-ல் முதல் தேர்தல். 1939-ல் திறப்பு விழா. பத்துப் பருவமாவது ஆடியிருக்க வேண்டும்; ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும்; வாக்களிக்கும் பத்திரிகையாளர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் சம்மதிக்க வேண்டும். இந்த விதிகளையே கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கற்பனை லீக்குகளும் வைத்துக்கொள்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை வாக்குச்சீட்டு வரும். உடனே சண்டையும் வரும்.

"இல்லாதவனுக்கு என்ன ஐயா புகழ்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் அதிகம் பதில் சொல்லப் போவதில்லை. நான் பிழைப்பதே இல்லாத மனிதர்களால்தான். என் நாவலில் ஒருத்தி செத்துப் போனதற்காக என்னைத் திட்டிக் கடிதம் எழுதிய வாசகர்கள் உண்டு. அவர்களைப் பைத்தியம் என்று நான் நினைத்ததில்லை. இல்லாதவளுக்காக அழத் தெரிந்தவர்களை நம்பித்தான் கதை என்ற வியாபாரமே நடக்கிறது. ஆகவே அந்தக் கேள்வியை இதோடு விட்டுவிடலாம்.

என் சண்டை வேறு ஆட்களோடு. அவர்கள் வெளியே நின்று சிரிக்கிறவர்கள் அல்ல. லீக்குக்கு உள்ளேயே இருக்கிறவர்கள், ரொம்பப் படித்தவர்கள். அவர்களுடைய வாதத்தைக் கேளுங்கள்.

கற்பனை லீக்கில் இரண்டு பந்தெறிபவர்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் இருபது வருஷம் ஆடி 240 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தான். அவன் இருந்த அணி மூன்று தடவை பட்டம் வாங்கியது. இன்னொருவன் பதினாலு வருஷம் ஆடினான், 150 வெற்றி. அவன் பந்தை அடித்தவர்கள் தப்பும் தவறுமாக அடித்தால்கூட, அது எவன் கையிலும் அகப்படாமல் இரண்டு பேருக்கு நடுவே போய் விழுந்தது. இருவர் பெயரும் வாக்குச்சீட்டில் இருக்கின்றன. முதலாமவனுக்கு வாக்களிக்க எல்லோரும் பேனாவைத் திறக்கும்போது நம் படித்தவர் குறுக்கே வருகிறார். "பொறுங்கள். யந்திரத்துக்குள் ஒவ்வொருவனுடைய உண்மைத் திறமையும் எண்ணாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. லீக்கை நடத்துகிறவருக்கு அதைத் திறந்து பார்க்க அதிகாரம் உண்டு. நான் பார்த்துவிட்டேன். முதலாமவன் சாதாரணத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மற்றதெல்லாம் பகடை. இரண்டாமவன்தான் அசல் மேதை. அவனுக்குப் பகடை விழவில்லை. நாம் அதிருஷ்டத்துக்கா சிலை வைப்பது? திறமைக்கல்லவா வைக்க வேண்டும்?"

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! நிஜ உலகத்தில் ஒருவனுடைய உண்மைத் திறமை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. செய்ததை வைத்து ஊகிக்கத்தான் முடியும். இங்கே ஊகம் வேண்டாம். மூல ஏடே கையில் இருக்கிறது. கையில் மெய்யை வைத்துக்கொண்டு பொய்யை ஏன் கும்பிட வேண்டும் என்கிறார்கள்.

அந்த மெய் இந்த வழக்கில் செல்லாது என்பதே என் கட்சி.

நம்முடைய புராணக்காரர்கள் இந்த விஷயத்தை எப்போதோ யோசித்து முடித்துவிட்டார்கள். மனிதனைப் பற்றி இரண்டு எழுத்து உண்டு என்றார்கள். பிறக்கும்போது பிரம்மா தலையில் எழுதுவது ஒன்று. வாழும்போது அவன் செய்வதையெல்லாம் சித்திரகுப்தன் ஏட்டில் எழுதுவது இன்னொன்று. எமதர்மராஜன் சபையில் வாசிக்கப்படுவது எது? பிரம்மாவின் எழுத்தா? இல்லை; சித்திரகுப்தனின் ஏடு. "இவனுக்கு நல்லவனாக இருக்கும் தகுதி நூற்றுக்குத் தொண்ணூறு இருந்தது, சந்தர்ப்பம் சரியாக அமையவில்லை" என்று அங்கே யாரும் வக்காலத்து வாங்குவதாகக் கதையில்லை. தலையெழுத்து என்பது தொடக்கம். தீர்ப்பு என்பது முடிவு. தொடக்கத்தை வைத்து முடிவைச் சொல்வதானால் நடுவில் ஒரு வாழ்க்கை எதற்கு? லீக் எதற்கு? ஆட்டக்காரர்களைப் படைத்த அன்றைக்கே எண்களை வரிசையாக அடுக்கி, மேலே இருக்கிற பத்துப் பேரை மண்டபத்தில் உட்கார்த்தி வைத்துவிட்டு, யந்திரத்தை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாமே!

எழுதுகிறவன் என்ற முறையிலும் எனக்கு இது அனுபவம். நாவல் தொடங்கும் முன்பு ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாத்திரங்களைப் பற்றிக் குறித்துக்கொள்வேன். "தைரியசாலி, தியாகி" என்று ஒருவனைப் பற்றி எழுதியிருப்பேன். நாவலில் அவன் ஒரு நல்ல காரியமும் செய்யாமல் மூலையில் உட்கார்ந்துவிடுவான். பக்கத்து வீட்டுக்காரன், நோட்டில் அரை வரிகூட இல்லாதவன், கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்போது நான் வாசகரிடம் போய், "ஐயா, நோட்டைப் பாருங்கள், தியாகி அவன்தான்" என்று சொன்னால் என் முகத்தில் அடிக்க மாட்டாரா? நோட்டில் இருந்தது என் உத்தேசம். பக்கத்தில் நடந்ததுதான் அவன் வாழ்க்கை.

அப்படியானால் ஒரு நாள் அதிருஷ்டம் அடித்தவனுக்கெல்லாம் மண்டபத்தில் இடமா என்று கேட்கலாம். இல்லை. அதற்கும் கூப்பர்ஸ்டவுனிலேயே சாட்சி இருக்கிறது. 1956-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி, உலகத் தொடர் ஆட்டத்தில், டான் லார்சன் என்பவர் எதிரணியில் ஒருவனைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் ஆட்டம் முழுவதும் பந்தெறிந்தார். உலகத் தொடரில் வேறு எவரும் அதைச் செய்ததில்லை. ஆனால் அவர் வாழ்நாள் கணக்கு 81 வெற்றி, 91 தோல்வி. பதினைந்து வருஷம் அவர் பெயர் வாக்குச்சீட்டில் வந்தது. மண்டபத்தில் இடம் கிடைக்கவில்லை. ஒரு நாள் செய்தது பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. ஏட்டை முழுவதும் வாசித்தார்கள், அவ்வளவுதான். செயலை வைத்துத் தீர்ப்பு என்றால் எல்லாச் செயலையும் வைத்து என்றே அர்த்தம். ஒரு நாள் விழுந்த பகடை அந்த ஒரு நாளோடு கரைந்துவிடும். இருபது வருஷம் ஆடியவனைப் பார்த்து, "உனக்கு எல்லாம் பகடை" என்று சொல்வது, சொல்கிறவனுக்குத்தான் சௌகரியம்.

இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. அவர்கள் வாக்குச்சீட்டே வேண்டாம் என்கிறார்கள். "இத்தனை வெற்றி, இத்தனை ஹோம் ரன் என்று ஒரு கோடு போடுவோம், தாண்டியவன் உள்ளே, தாண்டாதவன் வெளியே, யந்திரமே கவனித்துக்கொள்ளும்" என்பது அவர்கள் யோசனை. இவர்கள் ஏட்டைப் பார்க்கிறவர்கள்தான், ஆனால் கடைசிப் பக்கத்துக் கூட்டுத் தொகையை மட்டும் பார்க்கிறவர்கள். 1972-ம் வருஷத் தேர்தலை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் எர்லி வின் என்பவர் உள்ளே போனார். 300 வெற்றி பெற்றவர். நாலாவது முயற்சியில் நுழைந்தார். அதே வருஷம் ஸாண்டி கோஃபாக்ஸும் போனார், 165 வெற்றிதான், முதல் முயற்சியிலேயே நுழைந்தார், வின்னைவிட அதிக வாக்கு வாங்கினார். கோடு போட்டிருந்தால் கோஃபாக்ஸ் தெருவில் நின்றிருப்பார். முழங்கை நோவோடு, முப்பது வயதில் ஆட்டத்தை விட்டுப் போவதற்கு முந்திய சில வருஷங்களில் அவர் பந்தெறிந்த விதத்தைப் பார்த்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் வாசித்தது தொகையை அல்ல, கதையை. கற்பனை லீக்கிலும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் வாயை ஏன் அடைக்க வேண்டும்?

மறுபடியும் என் முக்கியமான எதிரியிடம் வருகிறேன். ஏட்டை மீறி, பிரம்மாவின் எழுத்துப்படி நியாயம் செய்யப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்ட ஒரு நாவல் இருக்கிறது. ராபர்ட் கூவர் என்ற அமெரிக்கர் எழுதி 1968-ல் வந்தது. ஹென்றி வா என்ற ஐம்பத்தாறு வயதுக் கணக்கர், தனிக்கட்டை, ராத்திரிகளில் சமையலறை மேஜையில் மூன்று பகடைகளை உருட்டித் தானே கற்பித்த பேஸ்பால் லீக்கை நடத்தி வருகிறார். ஐம்பது பருவத்துக்கு மேல் ஓடிவிட்டது. டேமன் ரதர்ஃபோர்ட் என்று ஓர் இளைஞன் வருகிறான். லார்சன் செய்ததைப் போலவே ஓர் ஆட்டத்தை முழுமையாக முடிக்கிறான். வாவுக்கு அவன்மேல் பெற்ற பிள்ளையைப் போல ஆசை. ஆனால் இன்னோர் ஆட்டத்தில் பகடை மூன்றிலும் ஒன்று ஒன்றாக விழுந்து, அபூர்வ சம்பவங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டியதாகி, ஜாக் கேஸி எறிந்த பந்து தலையில் பட்டு டேமன் சாகிறான். வாவால் தாங்க முடியவில்லை. பிறகு ஒரு நாள், பகடையை உருட்டாமல், மூன்றையும் தன் கையாலேயே ஆறு ஆறாகத் திருப்பி வைக்கிறார். அந்தப் பலனில் கேஸி சாகிறான்.

சகுனியும் பகடையைத் தன் சொற்படி விழச் செய்தவன்தான்; கெட்ட எண்ணத்தோடு செய்தான். வா நல்ல எண்ணத்தோடு செய்தார். பலன் ஒன்றுதான். நாவலின் கடைசி அத்தியாயத்தில் வாவே இல்லை. நூறு பருவத்துக்குப் பிறகு அந்த லீக்கில் உள்ளவர்கள் அந்த மரணங்களைச் சடங்காக நடிக்க வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் போய்ப் பூசை மிஞ்சியது. உள் ஏட்டைத் திறந்து பார்த்து, "உண்மையில் இவன்தான் மேதை" என்று வாக்களிக்கச் சொல்கிறவரும் வாவின் தம்பிதான். அவர் பகடையைத் தொடவில்லை. அது விழுந்த பிறகு, விழவில்லை என்று சாதிக்கிறார்.

இப்போது எதிர்க்கட்சியின் கடைசி அம்பு. அது கூரானது, ஒதுக்கிவிட முடியாது. "செயல், செயல் என்கிறீரே, செயலுக்கே இடம் கொடுக்கப்படாதவன் கதி என்ன? ஜாஷ் கிப்ஸனுக்கு என்ன பதில்?" என்று கேட்கிறார்கள்.

கிப்ஸன் கறுப்பர். அவர் காலத்தில் பெரிய லீக்குகளில் கறுப்பருக்கு இடமில்லை. எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதாமலே எல்லோரும் கடைப்பிடித்த சட்டம். கறுப்பருடைய லீக்குகளிலேயே ஆடினார். 1947 ஜனவரியில், முப்பத்தைந்து வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15-ந் தேதி, ஜாக்கி ராபின்ஸன் பெரிய லீக்கில் கால் வைத்தார். கூப்பர்ஸ்டவுனின் விதியோ பெரிய லீக்கில் பத்துப் பருவம் என்கிறது. வாசலைச் சாத்திவிட்டு, "நீ ஏன் உள்ளே பத்து வருஷம் இருக்கவில்லை?" என்று கேட்கிற விதி!

1966-ல் டெட் வில்லியம்ஸ் என்ற வெள்ளை ஆட்டக்காரர் மண்டபத்துக்குள் ஏற்கப்பட்ட அன்று, தம் பேச்சிலேயே இதைச் சொன்னார். சாட்செல் பேஜும் கிப்ஸனும் ஒருநாள் இங்கே சேர வேண்டும். சந்தர்ப்பம் கொடுக்கப்படாததால்தான் அவர்கள் இங்கே இல்லை என்றார். 1971-ல் பேஜுக்கு முதலில் தனிப் பகுதியில் இடம் என்றார்கள். கண்டனம் எழவே மற்றவர்களுக்குச் சமமாகவே வைத்தார்கள். 1972-ல் கிப்ஸன். அப்போது அவருடைய கணக்கு ஒழுங்காகத் திரட்டப்பட்டிருக்கவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் பழைய பத்திரிகைகளைத் தோண்டித் தோண்டி எடுத்து, 2024 மே மாதத்தில்தான் அந்த லீக்குகளின் கணக்கு பெரிய லீக் கணக்கோடு சேர்க்கப்பட்டது. டை காபின் 367-ஐத் தாண்டி, ஆயிரத்துக்கு 372 என்ற விகிதத்தோடு கிப்ஸன் பட்டியலின் உச்சியில் நின்றார். கண்ணால் கண்டவர்கள் சொன்னதை ஐம்பது வருஷம் கழித்து ஏடு வந்து ஆமோதித்தது.

ஆகவே நண்பரே, கிப்ஸன் உம்முடைய சாட்சியல்ல, என்னுடைய சாட்சி. அவரை உள்ளே கொண்டுவந்தது, "செய்திருக்கக் கூடும்" என்ற ஊகம் அல்ல. செய்தார். மைதானத்தில், ஜனங்கள் பார்க்கச் செய்தார். சித்திரகுப்தன்தான் எழுதாமல் தூங்கினான். அல்லது தூங்குவது போலப் பாசாங்கு செய்தான். எழுதாத பக்கத்தை எழுதச் சொல்வது வேறு. எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தலையெழுத்தை ஒட்டச் சொல்வது வேறு. உம்முடைய 150 வெற்றிக்காரனுக்கு யாரும் வாசலைச் சாத்தவில்லை. பகடை அவனுக்கு விழவில்லை. பகடைக்குப் பகை கிடையாது, ஜாதி கிடையாது, நிறம் தெரியாது. அதனிடம் தோற்றவனுக்காக வருத்தப்படலாம். அவன் கதையைச் சொல்லலாம். நல்ல கதையாகவும் இருக்கும். ஆனால் பகடை செய்ததை அநியாயம் என்று நீர் சொல்ல ஆரம்பித்தால், மனிதர்கள் வாசலைச் சாத்துவதற்கு வேறு வார்த்தை இல்லாமல் போய்விடும். அதிருஷ்டக் குறைவையும் அக்கிரமத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது, அக்கிரமம் செய்தவனுக்குச் செய்யும் உபகாரம். "எங்கள் மேல் தப்பில்லை, அவனுக்கு யோகமில்லை" என்று அவனும் சொல்லிவிட்டுப் போவான்.

விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு சூடு என்று நினைக்காதீர்கள். மனிதன் என்ன செய்தான் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவனுக்குள் எத்தனை மதிப்பெண் இருக்கிறது என்று யந்திரத்தைக் கேட்கும் பழக்கம் விளையாட்டோடு நிற்கிற பழக்கம் அல்ல. வேலைக்கு வருகிறவனையும் கடன் கேட்கிறவனையும் எண் போட்டு நிறுக்கிற காலம் இது. அந்த எண்ணைத்தான் அவனுடைய 'உண்மை' என்கிறார்கள். அவன் செய்ததும் பட்டதும் தற்செயலாம். இல்லாத மனிதர்களிடம் இந்த அநீதியைப் பழகிக்கொண்டவன் இருக்கிற மனிதர்களிடம் கூச்சமில்லாமல் செய்வான்.

அந்த இருவர் பெயரும் உள்ள வாக்குச்சீட்டு என் கைக்கு வந்தால் 240 வெற்றிக்காரனுக்கே போடுவேன். அவனுக்குள் எழுதியிருந்த எண் சின்னது என்று காட்டினால், அவன்மேல் எனக்கு மரியாதை கூடும். சின்ன எண்ணை வைத்துக்கொண்டு இருபது வருஷம் நின்றானே! பிரம்மா கஞ்சத்தனமாக எழுதினார். சித்திரகுப்தன் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதாயிற்று. மண்டபம் அந்தப் பக்கங்களுக்காகக் கட்டியது.